கேமராவுக்கு முன்னால் தாளிப்பது எப்படி?

தொலைக்காட்சிச் சமையல் போட்டிக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டீர்களா? சந்தோஷம். சமைக்கத் தெரியுமா என்று கேட்க மாட்டேன். தெரிந்திருந்தாலும் கவலைப்படாதீர்கள், அதையும் மீறி இறுதிச்சுற்று வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

நானும் அப்படியொரு போட்டியில் நின்றவள்தான். எந்தச் சேனல், எந்த வருஷம், யார் நடுவர் என்றெல்லாம் கேட்காதீர்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி நான் வாயைத் திறந்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும் என்று வக்கீலாக இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். அதனால் பெயர்களை விட்டுவிட்டு, புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும் யோசனைகளை மட்டும் சொல்கிறேன். கடைப்பிடித்தால் கோப்பை கிடைக்குமா என்று தெரியாது. புரோமோவில் முகம் வரும், அது நிச்சயம்.

முதலில் ஒரு ஆச்சி வேண்டும்

ஆடிஷனுக்கு வீட்டிலிருந்தே சமைத்து ஹாட்பாக்ஸில் கொண்டுவரச் சொல்வார்கள். நீங்களும் விடிகாலையில் எழுந்து, அரைத்து, வறுத்து, வதக்கி, பஸ் குலுங்கலில் மூடி திறந்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு போவீர்கள். அங்கே ஒருவர் அரைக் கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, விழுங்குவதற்கு முன்னாலேயே கேட்பார்: "சரிங்க, உங்க கதை என்ன?"

இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாதவர்கள்தான் முதல் நாளே ஊர் திரும்புகிறார்கள். "எனக்குச் சமைக்கப் பிடிக்கும்" என்பது கதை அல்ல. "வீட்டில் நாலு பேருக்குப் பசிக்கும்" என்பதும் அல்ல. ஒரு பாட்டி வேண்டும். அந்தப் பாட்டி விறகடுப்பில் கண்ணெரியச் சமைத்திருக்க வேண்டும். சாகும் தறுவாயில் ஒரு பக்குவத்தை உங்கள் காதில் சொல்லியிருந்தால் இன்னும் விசேஷம். உயிரோடு இருக்கும் பாட்டி ஆபத்து. குடும்பத்தாரை அழைக்கும் வாரத்தில் அவரைக் கூட்டிவந்து மேடையில் உட்கார வைப்பார்கள். அவர் மைக்கில், "இவளுக்கு ரசம் கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதே தம்பி, யாரு தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டுவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம், திருநெல்வேலியில், பாட்டியை ஆச்சி என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். உடனே "கட்!" தயாரிப்புக் குழுத் தம்பி ஓடிவந்து, "அக்கா, பாட்டின்னு சொல்லுங்க. ஆச்சின்னா மசாலா பிராண்ட். நமக்கு ஸ்பான்சர் வேற கம்பெனி" என்றான். அன்றைக்கு என் ஆச்சி பாட்டியானாள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இன்று உலகெங்கும் ஓடும் மாஸ்டர்செஃப் 1990இல் பிபிசியில் தொடங்கியபோது மிகவும் அடக்க ஒடுக்கமான நிகழ்ச்சி. ஃபிராங்க் ராடம் என்ற சினிமா இயக்குநரின் யோசனை அது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறத்தில் மூன்று அடுப்படி. மூன்று பேர் சமைப்பார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்த்துத் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள். யாரும் தரையில் விழுந்து அழமாட்டார்கள். 2009இல் ஆஸ்திரேலியாக்காரர்கள் அதை எடுத்து, போட்டியாளர்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்து ஒரே வீட்டில் தங்கவைத்து, வாரத்தில் பல நாள் ஒளிபரப்பும் தொடராக்கினார்கள். அழுகை அப்போதுதான் பாத்திரத்தில் விழுந்தது. 2021இல் சன் டிவியில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய தமிழ் மாஸ்டர்செஃப் வரை நமக்கு வந்து சேர்ந்தது இந்த ஆஸ்திரேலிய வம்சம்தான்.

விஜய் டிவி 2019இல் 'குக்கு வித் கோமாளி'யைத் தொடங்கி வேறு வழியில் போனது. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு சுத்தமாகத் தெரியாத ஒருவரைக் கோத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. பார்க்கிறவனுக்கு ருசி போய்ச் சேராது, சிரிப்புத்தான் போய்ச் சேரும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. இந்த வகையில் நேர்மையானது அதுதான் என்பது என் கட்சி. மற்ற நிகழ்ச்சிகள் எல்லாம் கோமாளியைத் தனியாகச் சம்பளம் கொடுத்து வைப்பதில்லை, அவ்வளவுதான்.

உடை, ஒப்பனை, மைக்

உடைக்கு ஒரே விதி: பிடித்த புடவையை முதல் நாள் கட்டாதீர்கள். ஒரு எபிசோடின் துண்டுகளைப் பல நாட்களில் எடுப்பார்கள். அத்தனை நாளும் அதே புடவை, அதே கம்மல், அதே பொட்டு. கன்டினியூட்டி என்பார்கள். தலையில் வைத்த பூ மட்டும் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதற்கும் ஆள் வைத்து அதே அளவு மல்லிகைச் சரம் வாங்கிவந்து மாற்றுவார்கள். உங்கள் கல்யாணத்தன்று கூட யாரும் உங்கள் கொண்டையை இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மைக்கின் பேட்டரிப் பெட்டி இடுப்பில், புடவைக்குள். அது எந்நேரமும் விழித்திருக்கும். பக்கத்து மேசைக்காரியின் குழம்பைப் பற்றி உங்களுக்குள் முணுமுணுப்பதாக நினைத்து நீங்கள் சொல்வதெல்லாம், எங்கோ ஓர் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் காதில் தெளிவாக விழும். கழிவறைக்குப் போகும்போது அணைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். இதற்கு மேல் விளக்கமாட்டேன்.

இந்த மைக்கால் வரும் இன்னொரு தொல்லை, மிக்ஸியும் குக்கரும். நடுவர் உருக்கமாக ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார், பின்னால் யாருடைய குக்கராவது விசில் அடிக்கும். "ஆடியோ போச்சு, ஒன்மோர்!" நம் வீட்டுச் சமையலின் சுருதியே மூன்று விசில்தான். அதை எண்ணித்தான் பருப்பு வேகிறது. அங்கே எண்ணவும் முடியாது, எண்ணிக்கொண்டே கண்ணீர் விடவும் முடியாது.

என்ன சமைப்பது?

நான் சொதி செய்தேன். திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து அது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயை மூன்று தடவை பால் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சைமிளகாய் விழுதும் சேர்ந்து கொதிக்க வேண்டும், முதல் பால் விட்டதும் நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். ஆறவிட்டு எலுமிச்சை பிழிய வேண்டும். பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். இவ்வளவு நுணுக்கமும் முடிந்து தட்டில் விழும்போது அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? வெளிர்மஞ்சளாக, நீர்க்க, சாந்தமாக. கேமராமேன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, மெயின் டிஷ் இனிமேதான் வருதா?" என்றார்.

நடுவர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். திறந்தார். "ம்ம்ம்... தாய்லாந்து கிரீன் கறி ஃபீல் வருது. ஆனா அந்த லெமன்கிராஸ் மிஸ்ஸிங்." சொதியில் லெமன்கிராஸ் இல்லைதான். என் ஆச்சி காலத்திலிருந்தே, மன்னிக்கவும், பாட்டி காலத்திலிருந்தே அது மிஸ்ஸிங்.

எனக்காவது குறைவுதான். 2018இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃபில் மலேசியாவில் பிறந்த ஒரு போட்டியாளர் நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் செய்து வைத்தார். தேங்காய்ப்பாலிலும் அரைத்த மசாலாவிலும் மெல்ல வெந்து சுண்டும் பண்டம் ரெண்டாங். நடுவர் கிரெக் வாலஸ், கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லையே, இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். அந்த அம்மாள் வெளியேறினார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை: ரெண்டாங் யாருடையது என்று அதுவரை அடித்துக்கொண்டிருந்த மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நாளில் ஒரே கட்சியாயின. மலேசியப் பிரதமரே கேலி செய்தார். கொழுக்கட்டை ஏன் மொறுமொறுவென்று இல்லை என்று யாராவது கேட்டால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது: நடுவருக்குத் தெரியாத பண்டத்தைச் செய்தால் அவருக்குத் தெரிந்த பண்டம் ஒன்றோடு ஒப்பிட்டு உங்களை வெளியேற்றுவார். தெரிந்த பண்டத்தைச் செய்தால் அவர் அம்மா செய்ததோடு ஒப்பிட்டு வெளியேற்றுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதற்கு ஃப்யூஷன் என்று பெயர். ரசத்தைப் பானிபூரிக்குள் ஊற்றலாம், குழிப்பணியாரத்துக்குள் சாக்லேட் அடைக்கலாம். ஒப்பிட யாருக்கும் எதுவும் கிடைக்காது. தப்பிவிடுவீர்கள்.

தெரிந்ததையே துணிந்து செய்து ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2018இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃபை வென்ற சசி செல்லையா சிங்கப்பூரில் பிறந்த தமிழர். அங்கே போலீஸ்காரராக இருந்து, பிறகு அடிலெய்டில் சிறைக் காவலராக வேலை பார்த்தவர். இறுதிப் போட்டியில் சம்பல் இறாலும் மீன் கறியும் வைத்து நூற்றுக்கு 93 வாங்கினார். பரிசு 2,50,000 ஆஸ்திரேலிய டாலர். பல வருஷம் கைதிகளை மேய்த்தவருக்கு நடுவர்களின் முகத்தைப் பார்த்து நடுங்க என்ன இருக்கிறது?

அதைவிட எனக்குப் பிடித்தது 2021இல் அதே போட்டியில் நடந்தது. வங்காளதேசக் குடும்பத்தில் பிறந்த கிஷ்வர் சௌத்ரி இறுதிச்சுற்றில் பாந்தா பாத் செய்தார். நம் பழைய சோறுதான், வேறொன்றுமில்லை. கூட மசித்த உருளைக்கிழங்கு, மத்தி மீன். தட்டின் பெயரை மட்டும் 'புகையூட்டிய அரிசி நீர்' என்று வைத்தார். மூன்றாமிடம் வந்தார். டாக்கா முதல் கொல்கத்தா வரை ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக் கூழை எடுத்துப்போகிறீர்கள் என்றால், எதற்கும் பஸ்ஸிலேயே ஒரு பெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது நிமிடம்

சமையலுக்குக் கடிகாரம் வைத்த பாவம் யாருடையது என்று தேடினால் ஜப்பானில் போய் முட்டும். 1993இல் ஃபியூஜி டிவியில் 'அயர்ன் செஃப்' வந்தது. மினுமினுக்கும் உடையில் ஒரு 'தலைவர்' தோன்றி, மஞ்சள் குடமிளகாயைப் பச்சையாகக் கடித்துவிட்டுச் சிரிப்பார். பிறகு ஒரே ஒரு பொருளை அறிவிப்பார். அதை வைத்து இரண்டு சமையல்காரர்கள் ஒரு மணி நேரம் மோத வேண்டும். சமையலறைக்கு அவர்கள் வைத்த பெயரே ஸ்டேடியம். அப்போது பிடித்த ஓட்டம்தான் இன்னும் நிற்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் யாருடைய சமையலுக்குத் தைத்த சட்டை என்பதை யாரும் கேட்பதில்லை. மீன் துண்டைச் சட்டியில் போட்டுத் திருப்பலாம், பாஸ்தா வேகவைக்கலாம், கிரீம் அடிக்கலாம், எல்லாம் அடங்கிவிடும். அடங்காததற்கும் கருவி உண்டு. கண்மூடித் திறப்பதற்குள் குளிர வைக்கும் பெட்டி ஒன்று நிற்கும், ஐஸ்கிரீம் சுழற்றும் எந்திரம் ஒன்று நிற்கும். உளுந்து அரைக்கக் கிரைண்டர் எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

கிரைண்டர் இருந்தும் என்ன செய்வது? இட்லி மாவு ராத்திரி முழுக்கப் பொங்க வேண்டும். பழைய சோற்றுக்கும் ஒரு ராத்திரி. வடகத்துக்கும் மோர் மிளகாய்க்கும் மொட்டைமாடி வெயில். கருவாட்டுக்குக் கடற்கரை வெயில். மாவடுவுக்கு மாதக்கணக்கு. மீன்குழம்பு கூட மறுநாள்தானே தன் குணத்தைக் காட்டுகிறது? நம் சமையலில் பாதியை நாம் செய்வதில்லை; ராத்திரியும் வெயிலும் செய்கின்றன. பூந்தமல்லி தாண்டிப் போட்ட அந்த செட்டுக்குள் ராத்திரியும் கிடையாது, வெயிலும் கிடையாது. விளக்கு மட்டும் இருக்கிறது.

செஃப் தாமு 2010இல் 24 மணி நேரத்துக்கும் மேலாக ஒற்றை ஆளாக நின்று சமைத்து கின்னஸில் இடம்பிடித்தவர். அப்படிப்பட்டவரே நடுவராக வந்து உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே கொசுறு நேரம்தான். ஆகவே ஓடுங்கள். சாமான் அறைக்குள் ஓடும்போது வழுக்கி விழுவது நல்லது. புரோமோவில் கட்டாயம் வரும். விழும்போது முட்டை கையில் இருந்தால் மெதுவேகத்தில் காட்டுவார்கள். மறந்த ஒரு பொருளுக்காக இரண்டாம் முறை ஓடுவதை முன்கூட்டியே திட்டமிட்டு வையுங்கள். அனுபவசாலிகள் உப்பை மறப்பார்கள்.

கடைசிப் பத்து வினாடியை எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். நீங்கள் நாலு நிமிடம் முன்னாலேயே முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றால் அது பெருங்குற்றம். கொத்தமல்லித் தழை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுங்கி, "ஒன்று" என்னும்போது தட்டில் வையுங்கள்.

தட்டு

இதில் அதிகம் சொல்ல இல்லை. தட்டு பெரிதாக, பண்டம் சிறிதாக. நடுவில் வைக்காதீர்கள், ஓரத்தில் வையுங்கள். சட்னியைக் கரண்டியின் முதுகால் ஒரு இழுப்பு இழுங்கள். வீட்டில் குழந்தை அப்படிச் செய்தால் முதுகில் ஒன்று விழும், அங்கே மதிப்பெண் விழும். மேலே சாப்பிடலாம் என்று சொல்லப்படும் பூ ஒன்று. சாம்பார், கூட்டு, மோர்க்குழம்பு ஆகியவை ஓடும் சுபாவம் கொண்டவை, தட்டில் நிற்காது. நம் பெரியவர்கள் வாழையிலையில் சோற்றைக் குழித்து அணைகட்டியதெல்லாம் அங்கே பிளேட்டிங் ஆகாது.

ஆறிய சோறு

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத பெரிய உண்மை இதுதான். "கையை எடுங்க!" என்று கத்தியதும் நடுவர் வந்து சுடச்சுடச் சாப்பிடுவார் என்று நினைக்கிறீர்கள். கிடையாது. முதலில் தட்டுகளைப் படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் விளக்கைத் திருப்பி, ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, கேமராவைக் கிட்டே கொண்டுபோய். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கதை, விமர்சனம், கண்ணீர், ஒன்மோர். கடைசி ஆளின் தட்டுக்கு வரும்போது ஏசிக் குளிரில் மட்டன் குழம்பின் மேல் நெய் ஆடை கட்டியிருக்கும். பூரி உட்கார்ந்திருக்கும். தோசையைப் பற்றிப் பேச வேண்டாம்.

மணம்தான் முதலில் போகும். தாளிப்பின் முழு வாழ்க்கையும் அந்த முதல் சில நிமிடம்தானே. பெருங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிந்து எழுப்பிய வாசனை எல்லாம் கேமராமேனுக்கும் லைட்பாய்க்கும் போய்ச் சேர்ந்துவிடும். உண்மையான ரசிகர்கள் அவர்கள்தான். படப்பிடிப்பு முடிந்ததும் மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, அந்த மூணாவது மேசை அண்ணன் வைச்ச கருவாட்டுக் குழம்புக்கு முன்னாடி எதுவும் நிக்காது" என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு ஒளிபரப்பாகாது. அந்த அண்ணன் அன்றைக்கே வெளியேறியிருப்பார்.

நடுவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படிப் பக்கம் உலாத்திவந்து சட்டியிலிருந்து எடுத்து நக்கிப் பார்ப்பார்கள். உண்மையான பரீட்சை அப்போதுதான் நடக்கிறது. ஆகையால் அவர் பக்கத்தில் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கரண்டியை நீட்டுங்கள். இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாமல் சொன்ன ஒரே யோசனை இது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஆறினாலும் கெடாத சமையல் நம்மிடம் நிறைய இருக்கிறது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, எள் துவையல். ரயிலுக்கும் மாட்டுவண்டிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் என்று நம் பெண்கள் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அத்தனையும் ஆறிய பிறகு உண்பதற்கென்றே சமைத்தவை. ஸ்டுடியோவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் புளியோதரையோடு போய் நின்றால், "இதுல உங்க டச் என்ன?" என்று கேட்பார்கள். புளி என்று பதில் சொல்லாதீர்கள்.

நடுவர் பேசும் மொழி

'டெக்ஸ்ச்சர்' என்றால் பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது. 'பேலன்ஸ் இல்லை' என்றால் உப்பு கூடுதல், ஆனால் உப்பு கூடுதல் என்று சொல்வது அவர் படிப்புக்குக் குறைச்சல். 'தைரியமான முயற்சி' என்றால் மூட்டை கட்டுங்கள். 'எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு' என்றால் இந்த வாரம் தப்பித்தீர்கள். ஒன்றும் பேசாமல் கரண்டியை வைத்துவிட்டு, உங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம். பின்னணி இசைக்கு இடம் விடுகிறார்.

அழுகை, அதன் உபயோகங்கள்

சமைத்து முடித்துப் பல மணி நேரம் கழித்து, சிலசமயம் முடிவு தெரிந்த பிறகு, உங்களைத் தனியாக ஒரு திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். அப்போதுதான் நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். "இப்போ எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது, பால் திரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு." பால் திரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சொதியைச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட கேமராமேனுக்கும் தெரியும். இருந்தாலும் பயப்படுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் மிகவும் அன்பாக, "இந்த நேரத்துல பாட்டி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்கு யாரும் தப்பியதில்லை. நானும் அழுதேன். என் ஆச்சி இருந்திருந்தால், "முதல்ல உட்கார்ந்து சாப்பிடுளா, காலையிலேர்ந்து பட்டினி" என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது அழுகை தன்னாலே வந்தது. சமையல் போட்டியில் போட்டியாளர்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டாவி விடாதீர்கள். நீங்கள் பகல் முழுக்க நின்ற அலுப்பில் விட்ட கொட்டாவியை எடுத்து, இன்னொருத்தி தன் தகப்பனாரின் சாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வெட்டி ஒட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் முழுக்க ஊரே உங்களைத் திட்டும். எங்கள் தெருக் காய்கறிக்காரர் இரண்டு வாரம் எனக்குக் கொசுறுக் கறிவேப்பிலை போடவில்லை.

வெளியே வந்த பிறகு

யாரை வெளியேற்றுகிறார்கள் என்று அறிவிப்பதற்கு முன்னால் விடும் இடைவெளி எடிட்டிங்கில் நீட்டியது என்று வீட்டில் நினைத்திருந்தேன். அங்கேயும் அவ்வளவு நீளம்தான். கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்வர வேண்டுமே. பெயரைச் சொன்னதும் ஏப்ரனைக் கழற்றி மேசை மேல் மடித்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்து, சிரித்து, நடக்க வேண்டும். ஒரே டேக்கில் முடியாது. நான் தோற்று வெளியே நடந்ததைச் சரியாக நடக்கவில்லை என்று திருப்பி நடக்கச் சொன்னார்கள்.

ஊருக்கு வந்தால் ஒளிபரப்பு வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பிறகு ஒளிபரப்பாகும். குடும்பமே கூடி உட்கார்ந்து பார்க்கும். சொதி திரையில் வரும் நேரம், மூன்று தேங்காய், மூன்று பால், எல்லாம் சேர்த்து, ஒரு மிளகாய்ப்பொடி விளம்பரத்தைவிடக் குறைவு.

அதன்பின் உறவுக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிவார்கள். ஒரு வகையினர் உங்களைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்; "நீ டிவியில வந்தவ, எங்க சமையல் உனக்கு எங்க பிடிக்கப்போவுது?" இன்னொரு வகையினர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடித் திறப்பார்கள். என் அத்தை இதில் தேர்ந்துவிட்டார். எத்தனையோ வருஷமாக "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது "பேலன்ஸ் இல்லையே மருமகளே" என்கிறார்.

கல்யாண வீடுகளில் செல்ஃபி கேட்பார்கள். புது மிக்ஸிக் கடையைத் திறந்துவைக்கக் கூப்பிடுவார்கள். யூடியூப் சேனல் தொடங்கச் சொல்லாத ஆளே இருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரி சொல்லுங்கள், செல்வாக்கு அடுத்த சீசன் புரோமோ வரும்வரைதான். ஆனால் அந்தப் புடவையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வைல்டு கார்டு என்று ஒரு சுற்று வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடிக்கும். தயாரிப்புக் குழுத் தம்பிதான். குழம்பு என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கமாட்டான். "அக்கா, அந்த மாம்பழ மஞ்சள் புடவை இருக்கா? சலவைக்குப் போடலையே?" என்பான்.